காலாவதியான சுருளில் உதகையின் மிச்சம்

புது தில்லி: சாந்தினி சௌக்கின் பெரிய வீதியிலிருந்து பிரியும் கூச்சா சௌத்ரி என்ற குறுகிய சந்துதான் தலைநகரின் கேமராச் சந்தை. திருமண வீடியோக்காரர்கள் டிஜிட்டல் கேமராக்களுக்கும் விளக்குகளுக்கும் பேரம் பேசிக் கொண்டிருக்கும் அந்தச் சந்தில், மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கும் ஒரு கடையில், கடந்த மே மாதம் ஐந்து கருப்பு வெள்ளை பிலிம் சுருள்கள் எனக்குக் கிடைத்தன. பெட்டிகள் பழுப்பேறியிருந்தன. அவற்றின் மீது 'இந்து' என்ற வணிகப் பெயரும், உதகமண்டலம் என்ற ஊர்ப்பெயரும், 1996-ஆம் ஆண்டோடு பயன்பாட்டுக் காலம் முடிகிறது என்ற முத்திரையும் தெரிந்தன.

கடைக்காரர் சுருள் ஒன்றுக்கு 200 ரூபாய் கேட்டார். இதே சரக்கு ஒரு சாக்கு நிறைய இருந்ததாகவும், வெள்ளி பிரித்தெடுப்பவர்களிடம் சில ஆண்டுகளுக்கு முன்பு எடைக்குப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். பழைய எக்ஸ்ரே தாள்களையும் பிலிம்களையும் வாங்கி, அவற்றின் மேற்பூச்சிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பது பழைய தில்லியில் நெடுநாளாக நடந்துவரும் தொழில். இந்த ஐந்து சுருள்களும் சாக்கின் மூலையில் ஒட்டிக் கொண்டதால் தப்பியவையாம். காலாவதியானதை வாங்கி என்ன செய்யப் போகிறீர்கள் என்று அவர் கேட்டதற்குப் படம் எடுக்கப் போகிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அண்மைக் காலமாகக் கல்லூரி மாணவர்கள் சிலர் இதே வேலையாக வருகிறார்கள் என்று மட்டும் கூறினார்.

உண்மைதான். தில்லி, மும்பை, பெங்களூரு போன்ற நகரங்களில் பிலிம் கேமராவைத் தேடிப் பிடித்துப் படம் எடுக்கும் இளைஞர்கள் மீண்டும் தென்படுகின்றனர். புதிய கருப்பு வெள்ளைச் சுருள் ஒன்று ஆயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. அதுவும் இறக்குமதிச் சரக்கு. எனவே பத்து, இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்பு காலாவதியான சுருள்களை மலிவாக வாங்கி, அவற்றின் குறைகளுக்கு ஏற்பக் கணக்குப் போட்டுப் படம் எடுப்பது ஒரு தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. என் ஆர்வத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மத்திய அரசின் முடிவால் நீலகிரியில் தொடங்கப்பட்டு, மத்திய அரசின் முடிவாலேயே மூடப்பட்ட ஓர் ஆலையின் சரக்கு இது. ஆலை போய்விட்டது. அது செய்த பொருள் இன்னும் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

நீலகிரியில் ஓர் இருட்டறை

ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-இல் பதிவு செய்யப்பட்டது. அன்று நாட்டில் ஓடிய திரைப்படப் பிரதிகளுக்கும், மருத்துவமனைகளின் எக்ஸ்ரேக்களுக்கும், ஸ்டூடியோக்களின் அட்டைப் படங்களுக்கும் தேவையான பிலிம் வெளிநாடுகளிலிருந்தே வந்தது. அந்நியச் செலாவணிக்குத் தவித்துக் கொண்டிருந்த அரசு, அதை உள்நாட்டிலேயே செய்ய முடிவெடுத்தது. பிரான்ஸ் நாட்டின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு, 1967-இல் உதகையில் உற்பத்தி தொடங்கியது. தொழிற்சாலையைச் சுற்றி உருவான குடியிருப்புக்கும் 'இந்து நகர்' என்றே பெயர்.

ஏன் உதகை என்று கேட்பவர்கள் பிலிம் எப்படிச் செய்யப்படுகிறது என்பதை அறிந்தால் வியக்க மாட்டார்கள். ஜெலட்டின் குழம்பில் நுண்ணிய வெள்ளி உப்புத் துகள்களைக் கலந்து, கண்ணாடி போன்ற நாடாவின் மீது சீராகப் பூச வேண்டும். காற்றில் தூசு இருக்கக்கூடாது, வெப்பம் ஏறக்கூடாது, தண்ணீர் சுத்தமாக இருக்க வேண்டும். இவ்வளவும் முழு இருட்டில், அல்லது இருட்டுக்குச் சமமான மங்கல் ஒளியில் நடக்க வேண்டும். கடல் மட்டத்திலிருந்து இரண்டாயிரம் மீட்டருக்கு மேலே, புகையில்லாத மலையில் அந்த நிபந்தனைகளில் பாதியை இயற்கையே நிறைவேற்றித் தந்தது. அருவங்காடு வெடிமருந்து ஆலையை விட்டால் பெரிய தொழிற்சாலைகள் அதிகம் இல்லாதிருந்த மாவட்டத்தில், ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இந்த ஆலை சோறு போட்டது.

தமிழகத்தில் ஐம்பது வயதைக் கடந்த எவருக்கும் அதன் பொருள்களோடு அறியாமலே பழக்கம் இருந்திருக்கும். பள்ளிக் குழுப் படம், கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டுக்கு அனுப்பிய படம், மார்பு எக்ஸ்ரே என்று எதிலேனும் ஒன்றில் உதகையின் பூச்சு இருந்திருக்கலாம். பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக்-3 பெட்டிக் கேமராவும், கிழக்கு ஜெர்மனியிலிருந்து ரூபாய் வர்த்தகத்தில் வந்த ஆர்வோ பிலிமும், உதகையின் இந்துவுமாகச் சேர்ந்துதான் இந்நாட்டு நடுத்தரக் குடும்பங்களின் ஆல்பங்களை நிரப்பின.

பின்னர் நிகழ்ந்தவை பலமுறை எழுதப்பட்டவை. சுருங்கச் சொன்னால் போதும். வண்ணப் படம் பரவியது. டியூபாண்ட் தொழில்நுட்பத்தோடு பாலியெஸ்டர் எக்ஸ்ரே பிலிம் தயாரிக்கப் போட்ட பெருந்திட்டம் கடன் சுமையாக மாறியது. 1991-க்குப் பிறகு இறக்குமதி எளிதானது. 1990-களின் நடுவில் நிறுவனம் நலிவுற்றதாக அறிவிக்கப்பட்டுத் தொழில், நிதிச் சீரமைப்பு வாரியத்தின் முன்பு சென்றது. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்படும் பொதுத்துறை நிறுவனங்களின் ஆய்வறிக்கையில், பெரும் நட்டம் கண்டவற்றின் பட்டியலில் உதகையின் பெயர் தவறாமல் இடம்பெற்றது. அந்த நட்டத்தின் பெரும்பகுதி, அடைக்கப்படாத கடனுக்கு ஏறிக்கொண்டே போன வட்டி. 2014 பிப்ரவரியில், பொதுத் தேர்தலுக்குச் சில வாரங்களே இருந்தபோது, எஞ்சியிருந்த ஊழியர்களுக்கு விருப்ப ஓய்வு அளிக்கச் சுமார் 181 கோடி ரூபாய்க்கு மத்திய அமைச்சரவைக் குழு ஒப்புதல் தந்தது. சீரமைக்க வேண்டிய வாரியமும் 2016 டிசம்பரில் கலைக்கப்பட்டுவிட்டது.

எக்ஸ்ரேயே டிஜிட்டலுக்கு மாறிய பிறகு அதே அளவில் ஆலையை நடத்தியிருக்க முடியும் என்று வாதிட நான் வரவில்லை. ஆனால் 'பிலிம் உலகம் முழுவதும் செத்துவிட்டது' என்று சொல்லப்பட்ட காரணம் மட்டும் சரியல்ல. பிரிட்டனின் இல்ஃபோர்டு நிறுவனம் 2004-இல் திவாலாகும் நிலைக்குப் போனது. அதன் மேலாளர்களே கருப்பு வெள்ளைப் பிரிவை வாங்கி, அளவைச் சுருக்கி, நடத்திக் காட்டினார்கள். செக் நாட்டின் ஃபோமா நிறுவனம் நூற்றாண்டைக் கடந்து நடக்கிறது. அமெரிக்காவின் கோடக் 2012-இல் திவால் பாதுகாப்புக் கோரிய பின்னும் பிலிம் தயாரிப்பை விடவில்லை. பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியேனும் பிழைக்க வழியுண்டா என்ற கேள்வி உதகை விஷயத்தில் காலத்தோடு, அக்கறையோடு ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை.

வெளிச்சம் படாமலே கருக்கும்

சரி, சுருளுக்கு வருவோம். பிலிமுக்கு ஏன் காலாவதி? அரிசியைப் போல அதில் பூச்சி விழுவதில்லை. ஒளி பட்டவுடன் நுண்ணிய மாற்றம் அடைய வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்ட வெள்ளி உப்புத் துகள்கள் அவை. அந்த நுட்பமே அவற்றின் பலவீனம். வெப்பமும், ஈரமும், விண்ணிலிருந்தும் மண்ணிலிருந்தும் இடைவிடாது வரும் கதிர்வீச்சும் ஒளி செய்யும் வேலையை மிக மெதுவாகச் செய்துவிடுகின்றன. பெட்டியைப் பிரிக்காமலே வைத்திருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல, துகள்கள் தாமாகவே கருக்கத் தயாராகிவிடும். கழுவிப் பார்த்தால் படம் முழுவதும் சாம்பல் படர்ந்தது போலிருக்கும். இதைத்தான் புகைப்படக்காரர்கள் மூட்டம் என்கிறார்கள். கூடவே, பிலிமின் வேகமும் குறைந்துவிடுகிறது. அதாவது, முன்பு போதுமாயிருந்த வெளிச்சம் இப்போது போதாது.

வேகமான பிலிம்களில் துகள்கள் பெரியவை. அவை விரைவில் கெடும். மெதுவான, நடுத்தர வேகப் பிலிம்கள் தாக்குப் பிடிக்கும். குளிர்பதனப் பெட்டியில் இருந்த சுருளும், தில்லியின் ஜூன் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்த சுருளும் ஒரே ஆண்டில் காலாவதியாகியிருந்தாலும் ஒன்றல்ல. பத்தாண்டுக்கு ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, கூடுதல் வெளிச்சம் தர வேண்டும் என்று ஒரு பொதுக் கணக்குச் சொல்வார்கள். அது வண்ணப் பிலிமுக்குப் பொருந்தும் அளவுக்குக் கருப்பு வெள்ளைக்குப் பொருந்தாது; கருப்பு வெள்ளை இன்னும் கொஞ்சம் பொறுமையானது.

கருப்பு வெள்ளைக்கு இன்னொரு பெருமையும் உண்டு. கோடக்கின் புகழ்பெற்ற கோடாகுரோம் வண்ணச் சுருளைக் கழுவும் கடைசிக் கூடம் 2010 டிசம்பர் இறுதியில் அந்தப் பணியை நிறுத்தியது. அதன் பிறகு உலகில் எவரிடம் அந்தச் சுருள் இருந்தாலும் அதன் வண்ணத்தைப் பெற வழக்கமான வழியில்லை. அந்த ரசாயன முறை அவ்வளவு சிக்கலானது. கருப்பு வெள்ளைக்கோ நான்கு பொடிகள் போதும். செய்த ஆலை மூடப்பட்டாலும், விற்ற கடை மறைந்தாலும், அடுப்பங்கரையில் அதைக் கழுவிவிடலாம்.

அந்த நான்கு பொடிகளைத் தேடி, காரி பாவ்லியை ஒட்டிய திலக் பஜாருக்குச் சென்றேன். தலைநகரின் ரசாயன மொத்த வியாபாரம் நடக்கும் இடம். டி-76 என்ற பழைய டெவலப்பரின் சூத்திரம் எல்லாப் புகைப்பட நூல்களிலும் உள்ளது. ஒரு லிட்டர் நீருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெண்காரம் 2 கிராம். இவற்றோடு மூட்டத்தை அடக்கப் பொட்டாசியம் புரோமைடு கொஞ்சம். கைதேர்ந்தவர்கள் இதற்கு பென்சோடிரையசோல் என்ற பொருளையும் பயன்படுத்துவார்கள்; சில்லறையாக அது கிடைக்கவில்லை. பிறகு நிலைநிறுத்தும் கரைசலுக்கு ஹைப்போ. மெட்டால் கேட்ட இரண்டு கடைகளில் எதற்கு என்று விசாரித்தார்கள். மூன்றாவது கடையின் முதியவர் கேட்காமலே, "போட்டோவுக்கா" என்று எடுத்து வந்தார்.

இனி இருப்பது தண்ணீர்ப் பிரச்சினை. டெவலப்பர் 20 டிகிரி செல்சியஸில் இருப்பது உத்தமம். தில்லியில் மே மாதத்து மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் கையைச் சுடும். பழைய சுருளைச் சூடான கரைசலில் கழுவினால் படம் வருவதற்கு முன்பு மூட்டம் வந்துவிடும். பக்கெட் நிறைய ஐஸ் போட்டு, அதில் பாத்திரத்தை இறக்கி, வெப்பமானியைப் பார்த்துக் கொண்டிருந்தபோது, நான் செயற்கையாக உண்டாக்க முயன்ற அந்தக் குளிர் உதகையின் சாதாரணப் பகற்பொழுது என்பது நினைவுக்கு வந்தது.

முதல் சுருளைப் பரிசோதனைக்குப் பலி கொடுத்தேன். இருட்டில் கை அளவு நாடாவை வெட்டி இரண்டாக்க வேண்டும். ஒரு துண்டை நேரே ஹைப்போவில் போட வேண்டும். அது தெளிந்த கண்ணாடியாகிவிடும். இன்னொன்றை முறைப்படி டெவலப்பரில் கழுவிப் பிறகு ஹைப்போவில் போட வேண்டும். வெளிச்சமே படாத அந்தத் துண்டு எவ்வளவு கருத்திருக்கிறதோ அவ்வளவுதான் காலத்தின் மூட்டம். என் துண்டு நனைந்த சிமெண்ட் நிறத்தில் இருந்தது. அடுத்த துண்டுக்கு லிட்டருக்கு ஒரு கிராம் புரோமைடு சேர்த்தேன். நிறம் இளகி, பழைய ஈயப் பாத்திரத்தின் மங்கலுக்கு வந்தது. அதன் ஊடாகச் செய்தித்தாளை வைத்துப் படிக்க முடிந்தது. அது போதும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். படம் மங்கலாக வருமே என்று அஞ்சிக் கழுவும் நேரத்தைக் கூட்டுவார்கள். நேரத்தைக் கூட்டினால் படமும் ஏறும், மூட்டமும் ஏறும். பெரும்பாலும் மூட்டமே முந்திக் கொள்ளும். கூட்ட வேண்டியது படமெடுக்கும்போது தரும் வெளிச்சத்தை. மூட்டத்துக்கு மேலே எழுந்து நிற்கும் அளவுக்கு வெளிச்சம் கிடைத்தால்தான் உருவம் தனித்துத் தெரியும். பெட்டியில் வேகம் 100 என்றிருந்தால் 25 என்று கருதி எடுக்க வேண்டும். நல்ல வெயிலில் எஃப் 16 என்று வைக்க வேண்டிய துளையை எஃப் 8-க்குத் திறக்க வேண்டும்.

உத்யோக் பவனின் வானத்தில் ஓர் எண்

பழைய ஸ்டூடியோக்களில் பலர் பார்த்திருக்கக்கூடிய யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவில் இரண்டாவது சுருளை ஏற்றினேன். ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள். ஒவ்வொரு காட்சியையும் ஒரு ஸ்டாப், இரண்டு ஸ்டாப், மூன்று ஸ்டாப் கூடுதலாக மும்முறை எடுத்ததால் நான்கு காட்சிகளுக்கு மேல் இடமில்லை. ஜும்மா மசூதியின் படிகள், திலக் பஜாரில் மூட்டை இழுக்கும் தொழிலாளர்கள், யமுனையின் இரும்புப் பாலம் என்று மூன்று எடுத்தேன். நான்காவதாக, உத்யோக் பவன்.

உதகை ஆலை கனரகத் தொழில் துறையின் பொறுப்பில் இருந்தது. அந்தத் துறை பல பத்தாண்டுகள் இயங்கியது உத்யோக் பவனில். தொழிற்சங்கங்களின் மனுக்களும், மறுசீரமைப்புத் திட்டங்களும், கடைசியில் விருப்ப ஓய்வுக் கோப்பும் அந்தத் தாழ்வாரங்களில்தான் நகர்ந்திருக்கும். சாலையின் எதிர்ப்புறத்தில் நின்று, காலை வெயில் முகப்பில் விழும் நேரம் பார்த்து எடுத்தேன். காவலுக்கு நின்றவர் அருகில் வந்தார். தடுப்பதற்கு என்று நினைத்தேன். மேலிருந்து குனிந்து பார்க்கும் அந்தக் கேமராவின் கண்ணாடியில் தெரிந்த கட்டடத்தை அவரும் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, இதற்கெல்லாம் இன்னும் ரீல் கிடைக்கிறதா என்று கேட்டார்.

கழுவியபோது, ஒரு ஸ்டாப் கூட்டியவை பலவீனமாக, பேய் உருவங்கள் போல் வந்தன. மூன்று ஸ்டாப் கூட்டியவற்றில் மசூதியின் வெண்பளிங்குப் பகுதிகள் வெளிறின. இரண்டு ஸ்டாப் சரியாக அமைந்தது. நாடா சுருண்டு கொண்டு அடம் பிடித்தது. கனமான அகராதிக்குள் மூன்று நாள் வைக்க வேண்டியிருந்தது. பாலத்தின் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே தெரிந்தன. மூட்டை இழுப்பவரின் கழுத்து நரம்பு தெரிந்தது. முப்பது ஆண்டு வெயிலைத் தாங்கிய பொருள் இவ்வளவு செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உத்யோக் பவன் படத்தில் மட்டும் ஒரு விசித்திரம். வானத்தில், கட்டடத்துக்குச் சற்று மேலே, '11' என்ற எண்ணும் அதைச் சுற்றிச் சில புள்ளிகளும் மங்கலாகத் தெரிந்தன. இந்த வகைச் சுருளில் பிலிமுக்குப் பின்னால் ஒரு காகிதம் சேர்ந்தே சுற்றப்பட்டிருக்கும். எத்தனையாவது படம் என்று கேமராவின் சிறு ஜன்னல் வழியே பார்ப்பதற்காக அந்தக் காகிதத்தில் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடந்ததில் அச்சு மையின் தாக்கம் பிலிமிலேயே பதிந்துவிடுகிறது. பழைய சுருள்களில் இது வழக்கமான குறைதான். ஆனாலும், அதை நீக்கிவிட்டு அச்சிட எனக்கு மனம் வரவில்லை.

மூன்றாவது, நான்காவது சுருள்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாவது நன்றாக வந்தது. நான்காவதின் ஓரம் ஈரம் பட்டுப் பசையாகி, காகிதத்தோடு ஒட்டிக் கொண்டு, ஆறு படங்கள் பாழாயின.

அலமாரிகளில் உறங்குபவை

இதுவரை சொன்னது படம் எடுக்காத சுருளைப் பற்றி. அது கெட்டால் இழப்பு 200 ரூபாய். படம் எடுத்துவிட்டு, கழுவாமல் விட்ட சுருள்களின் கதை வேறு. அவற்றில் வெளிச்சத்தைக் கூட்டும் வாய்ப்பு முடிந்துவிட்டது. உள்ளே பதிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத உருவம் ஆண்டுதோறும் மங்கிக் கொண்டே போகும். மூட்டம் ஏறிக்கொண்டே வரும்.

குளிர் இருந்தால் அந்த உருவம் வியக்கத்தக்க காலம் நிற்கும். 1897-இல் பலூனில் வடதுருவம் செல்ல முயன்று மாண்ட ஸ்வீடன் நாட்டு ஆந்த்ரே குழுவின் பிலிம்கள் 1930-இல் பனித்தீவு ஒன்றில் கிடைத்தன. முப்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின் ஸ்டாக்ஹோமில் அவற்றைக் கழுவியபோது 93 படங்கள் மீட்கப்பட்டன. டார்ஜிலிங் வழியாக எவரெஸ்டுக்குச் சென்று 1924-இல் மறைந்த மேலரி, இர்வின் இருவரும் கொண்டுபோன சிறு கோடக் கேமராவை இன்றும் தேடுகிறார்கள். மேலரியின் உடல் 1999-இலும், இர்வினின் பாதம் 2024-இலும் கண்டெடுக்கப்பட்டன. கேமரா அவற்றோடு இல்லை. கிடைத்தால், அவர்கள் உச்சியை அடைந்தார்களா என்ற நூறாண்டுக் கேள்விக்கு அந்தச் சுருள் பதில் சொல்லக்கூடும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது.

தில்லியின் இரும்பு அலமாரிகளில் துருவப் பனி இல்லை. ஆண்டுதோறும் வெயிலும் மழையும் மாறி மாறிச் சுடவும் நனைக்கவும் செய்யும் இந்த ஊரில், கழுவப்படாத சுருளுக்கு ஆயுள் குறைவு. இந்தப் பரிசோதனையைக் கேள்விப்பட்டு, மயூர் விஹாரில் மகள் வீட்டில் வசிக்கும் ஒரு தமிழ் மூதாட்டி அழைத்தார். மத்திய அரசு ஊழியராயிருந்த அவருடைய கணவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவர் வைத்திருந்த கிளிக்-3 கேமரா டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, உள்ளே ரீல் சிக்கிக் கொண்டிருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். சிக்கவில்லை, பன்னிரண்டில் ஒன்பது படம் எடுத்து நிறுத்தப்பட்டிருந்தது. பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் '9' தெரிந்தது.

"வந்தால் வரட்டும் தம்பி, வராவிட்டால் போகட்டும், பெட்டியில் இருந்தால் மட்டும் என்ன வரப்போகிறது" என்றார் அம்மா. எனினும் இரவு முழுவதும் நான் தயங்கினேன். கருப்புத் துணிப்பைக்குள் கைவிட்டுக் கேமராவைத் திறந்து, நாடாவின் முனையில் எதுவும் எடுக்கப்படாத பகுதியை மட்டும் கிள்ளி, முதலில் அதைக் கழுவிப் பார்த்தேன். மூட்டம் கடுமையாக இருந்தது. புரோமைடைக் கூட்டி, வெப்பத்தை 18 டிகிரிக்கு இறக்கி, மீதியைக் கழுவினேன்.

ஒன்பதில் மூன்று தெளிவாக வந்தன. இரண்டில் ஏதோ இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம். மற்றவை வெறும் சாம்பல். தெளிந்த மூன்றில் ஒன்றில் மூன்று சக்கர சைக்கிளில் ஒரு சிறுமி. இன்னொன்றில் கொடியில் உலரும் புடவைகளுக்கு முன்னால் இரண்டு பெண்கள். மூன்றாவதில் மனிதர்களே இல்லை. ஒரு தாழ்ந்த சுவர், இரும்புக் கதவு, வேப்பமரம், வாசலில் கோலம். எதற்காக இதை எடுத்தார் என்று எனக்கு விளங்கவில்லை.

அம்மாவுக்கு விளங்கியது. சரோஜினி நகரில் அவர்களுக்கு முதன்முதலில் ஒதுக்கப்பட்ட அரசுக் குடியிருப்பின் வாசல் அது. கதவில் எழுதிய எண்ணைக்கூடப் படிக்க முடிந்தது. சரோஜினி நகர், நௌரோஜி நகர், நேதாஜி நகர் உள்ளிட்ட பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டமும், அதற்காக ஆயிரக்கணக்கான மரங்களை வெட்ட முற்பட்டதும், 2018-இல் தில்லி மக்கள் மரங்களைக் கட்டிப்பிடித்து நின்றதும், உயர்நீதிமன்றம் தலையிட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். தென்னாட்டிலிருந்து வேலைக்கு வந்த எத்தனையோ குமாஸ்தாக்கள் தில்லியில் முதன்முதலாகக் குடித்தனம் வைத்த வீடுகள் அவை. அந்த வீட்டு வரிசை இப்போது இல்லை. அம்மா வேறெதுவும் சொல்லாமல், மூன்றாவது படத்தை மட்டும் இரண்டு பிரதியாகக் கேட்டார். ஒன்று தனக்கு, இன்னொன்று பக்கத்து வீட்டில் குடியிருந்து, இப்போது திருச்சியில் இருக்கும் தோழிக்கு.

நாட்டின் வரலாற்றுப் படங்களைப் பாதுகாக்க ஆவணக் காப்பகங்கள் உள்ளன. விடுதலைக் காலத் தில்லியைப் படம்பிடித்த ஹோமாய் வியாரவாலாவின் தொகுப்பு, தலைநகரில் உள்ள அல்காஸி அறக்கட்டளையில் பத்திரமாக இருக்கிறது. குமாஸ்தாவின் வாசற்கோலத்துக்கு அப்படி இடமில்லை. அதை அந்தந்த வீட்டார்தாம் பார்த்துக் கொள்ள வேண்டும். பரணில், டிரங்குப் பெட்டியில், பயன்படாத கேமராவின் வயிற்றில் ஏதேனும் சுருள் இருந்தால், 'இவ்வளவு நாள் ஆகிவிட்டதே' என்று குப்பையில் போட வேண்டாம். பின்பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தில் பார்த்துவிடவும் வேண்டாம். பிளாஸ்டிக் டப்பாவில் இறுக மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தாலே சிதைவு வெகுவாகக் குறையும். கருப்பு வெள்ளை கழுவத் தெரிந்தவர் இன்றும் பெருநகரங்களில் உண்டு. வெளியூருக்கு விமானத்தில் கொண்டுபோவதாயிருந்தால் கையில் வைத்து, ஊடுகதிர்ச் சோதனைப் பெட்டிக்குள் விடாமல் பார்க்கும்படி கேட்டுக் கொள்வது நல்லது. ஏற்கெனவே மூட்டம் ஏறியதற்கு இன்னொரு சுற்றுக் கதிர்வீச்சு வேண்டாம்.

எக்ஸ்ரே பிலிமையும் திரைப்படப் பிரதிகளையும் தந்த உதகை ஆலையின் பூச்சுச் சூத்திரங்கள், துகள் வளர்க்கும் பக்குவம், இருட்டில் கைத்தடவலாகவே குறை கண்டுபிடித்த தொழிலாளர்களின் அனுபவம் ஆகியவற்றை யாராவது எழுதி வைத்தார்களா என்ற கேள்வியும் எனக்கு உண்டு. இயந்திரங்களை ஏலம் விடலாம். நிலத்துக்கு விலை வைக்கலாம். அரசு கணக்குப் பார்த்த பட்டியலில் இந்த அறிவுக்கு ஒரு வரியேனும் இருந்திருக்க வேண்டும்.

ஐந்தாவது சுருள் இன்னும் பிரிக்கப்படவில்லை. இதற்கிடையே மயூர் விஹார் அம்மாவின் பேச்சைக் கேட்டு, அதே குடியிருப்பிலிருந்து வேறொருவர் இரண்டு சுருள்களைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒன்று வண்ணச் சுருள். அதையும் கருப்பு வெள்ளையாகக் கழுவிப் பார்க்கலாம், நம்பிக்கை குறைவு. மற்றொன்று இந்து. அதன் நுனிக் காகிதம் நாவால் நனைத்து ஒட்டப்பட்டிருக்கிறது. எடுத்து முடித்த சுருள் என்பதற்கு அடையாளம் அது. என்ன எடுத்தது, யார் எடுத்தது என்று வீட்டில் எவருக்கும் நினைவில்லை. குழாய்த் தண்ணீர் 20 டிகிரிக்கு இறங்கும் நவம்பருக்காக, இரண்டும் குளிர்பதனப் பெட்டியில் காத்திருக்கின்றன.